பென்யமீனின் சாக்கு: கஞ்சாச் சட்டத்தின் வரலாறும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஆதியாகமம் 44-ஆம் அதிகாரத்தில் ஒரு சோதனை நடைபெறுகிறது. தானியம் கொண்டு ஊர் திரும்பும் பதினொரு சகோதரர் வழியில் மறிக்கப்படுகின்றனர். சாக்குகள் இறக்கப்பட்டு, மூத்தவன் தொடங்கி இளையவன் ஈறாக ஒவ்வொன்றாய்ச் சோதிக்கப்படுகின்றன. வெள்ளிப் பாத்திரம் பென்யமீனின் சாக்கில் அகப்படுகிறது. அதை வைக்கச் சொன்னவன் யார், வைத்தவன் யார் என்பது வாசகராகிய நமக்குத் தெரியும், பென்யமீனுக்குத் தெரியாது. அவ்வதிகாரம் முழுவதிலும் அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பொருள் அவன் வசம் இருந்தது என்பது ஒன்றே அவனுக்கு எதிரான சாட்சியாய் நிற்கிறது.

ஒரு பொருள் ஒருவன் வசம் இருந்ததாலேயே அவன் குற்றவாளியாகிறானா? இவ்வினா இன்று தேனி மாவட்டத்துச் சபைகளுக்கு ஏட்டளவிலான வினா அன்று. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களில் பணியாற்றும் போதகர் எவரும், ஏதேனும் ஒரு நாளில், கஞ்சா வழக்கில் பிடிபட்ட மகனுக்காக அழுதுகொண்டு வரும் தாயைச் சந்திக்க நேரலாம். அவ்வேளையில் போதகர் ஜெபிப்பார், ஆறுதல் கூறுவார். ஆனால் அந்த மகன்மீது சுமத்தப்பட்டிருப்பது எத்தகைய குற்றம், அச்சட்டம் எங்கிருந்து வந்தது, அதை உருவாக்கியதில் திருச்சபைக்குப் பங்கு உண்டா என்பவற்றை அறிந்திருப்போர் நம்மில் சிலரே. இவ்வறியாமையைச் சிறிதேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பள்ளத்தாக்கும் அதன்மேல் ஏறிய பெயரும்

மேற்கே ஏலமலை, கிழக்கிலும் தெற்கிலும் வருசநாடு–மேகமலைத் தொடர், நடுவே முல்லையாறு பாயும் வயல்வெளி: இதுவே கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்ட பின்னர் இரு போக நெல்லும், பிற்காலத்தில் திராட்சையும் வாழையும் இங்குச் செழித்தன. மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியாய் இருந்த இந்நிலம் 1996-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி தேனி மாவட்டமாயிற்று. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைவழிகளும் இதனைக் கேரளத்தோடு இணைக்கின்றன. விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து ஏலத்தோட்டக் கூலிக்குச் செல்வோர் அவ்வழிகளின் அன்றாடப் பயணிகள். அவ்வழிகளிலேயே சோதனைச் சாவடிகளும் உள்ளன.

இப்பள்ளத்தாக்கின் பெயரோடு கஞ்சாவின் பெயரும் ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இடுக்கி மலைகளிலும் வருசநாட்டு மலைகளிலும் கஞ்சா திருட்டுத்தனமாய்ப் பயிரிடப்பட்டது. சாலையற்ற காடு, பட்டா இல்லாத நிலம், தரிசு மலைச்சரிவில் வேறு எப்பயிரும் தராத விலை ஆகியன அதற்கு இடம் கொடுத்தன. பயிரிட்டவன் மலையில் இருந்தான். முதல் போட்டவன் சமவெளியில் இருந்தான். காவல்துறையும் வனத்துறையும் செடிகளைப் பிடுங்கி எரித்தபோது அகப்பட்டவன் பெரும்பாலும் மலையில் இருந்தவனே.

இன்று நிலை மாறியுள்ளது. வருசநாடு–மேகமலைக் காடுகள் 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கும். இந்நாளில் தமிழகத்தில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா மாநிலங்களின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து வருவது. கம்பம் பள்ளத்தாக்கு விளைநிலமாய் இருந்த காலம் போய், கேரளத்துக்குச் செல்லும் வழியாய் ஆகிவிட்டது. வழியில் இருப்பவன் விளைப்பவனும் அல்லன், பெரும்பாலும் விற்பவனும் அல்லன், அவன் சுமப்பவன். ஆகவேதான் உடைமை பற்றிய சட்டம் இப்பள்ளத்தாக்கிற்கு இத்துணை முதன்மையானதாகிறது.

2. 1893: ஒரு கிறிஸ்தவர் எழுப்பிய கேள்வி

கஞ்சா பற்றிய சட்ட வரலாற்றில் திருச்சபைக்குப் பங்கு உண்டு. 1893 மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் மக்களவையில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்னும் உறுப்பினர் ஒரு கேள்வியை எழுப்பினார். வங்காளத்தில் கஞ்சா பயிரிடலும் விற்பனையும் மக்களின் ஒழுக்கத்தையும் உடல்நலத்தையும் எவ்வாறு தாக்குகின்றன என்று ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. கெய்ன் பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர். மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணித் தலைவர். இந்தியாவில் பயணம் செய்து மதுவிலக்குச் சங்கங்களைத் தோற்றுவித்தவர். அபினி வாணிகத்திற்கு எதிராக அந்நாளைய மிஷனெரி உலகம் எழுப்பிய குரலும் அவருக்குப் பின்னணியாய் இருந்தது.

இந்திய அமைச்சர் கிம்பர்லி பிரபு அதற்கு இசைந்தார். ஆய்வு வங்காளத்தோடு நில்லாமல் இந்தியா முழுமைக்கும் விரிந்தது. மாக்வர்த் யங் தலைமையில் அமைந்த இந்திய கஞ்சா ஆணையத்தில் மூன்று இந்தியர் இடம்பெற்றனர். அவருள் ஒருவராகிய கபூர்தலா அரச குடும்பத்துக் கன்வர் ஹர்னாம் சிங் கிறிஸ்தவர். ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மருத்துவர், வரித்துறையினர், சிற்றூர்த் தலைவர், மிஷனெரிமார் எனப் பலதரத்தார் சாட்சியம் அளித்தனர். சென்னை மாகாணத்திலிருந்தும் சாட்சியங்கள் திரட்டப்பட்டன.

1894-இல் வெளிவந்த அறிக்கை, கேள்வி எழுப்பியோர் எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. அளவாகப் பயன்படுத்துவோரிடம் பெருந்தீங்கு காணப்படவில்லை; மிகைப் பயன்பாடே தீங்கு விளைவிக்கிறது; ஆகவே முற்றான தடை வேண்டுவதில்லை என அது முடிவு கூறியது. உரிமமின்றிப் பயிரிடலைத் தடுத்தல், போதிய வரி விதித்தல், கடைகளைக் குறைத்தல், ஒருவர் வைத்திருக்கத்தக்க அளவிற்கு எல்லை வகுத்தல் என நான்கு வழிகளை அது பரிந்துரைத்தது. இந்திய உறுப்பினருள் இருவர் மாற்றுக் கருத்துரை எழுதினர். அரசின் வரி வருவாய் குறித்த கவலையும் இம்முடிவின்பின் இருந்திருக்கலாம் என ஐயுறுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அறிக்கையின் மருத்துவக் கருத்துகள் யாவற்றையும் இன்று நாம் ஏற்கவேண்டுவதில்லை. இளம்பருவத்தில் கஞ்சாவைத் தொடர்ந்து பயன்படுத்துவது மனநலத்தைக் கெடுக்கக்கூடும் என்பதை இன்றைய மருத்துவம் வற்புறுத்துகிறது.

எனினும் அவ்வறிக்கையின் ஒரு பகுதி போதகர் யாவரும் நினைவிற்கொள்ளத் தக்கது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளில் நோயின் காரணம் என்ற கட்டத்தில் கஞ்சா என்று பலருக்கு எழுதப்பட்டிருந்தது. ஆணையத்தார் அதை அப்படியே ஏற்கவில்லை. 1892-ஆம் ஆண்டுப் பதிவுகளை ஒவ்வொன்றாய் எடுத்து விசாரித்தனர். அக்கட்டத்தை நிரப்பியவர் பல இடங்களில் நோயாளியைக் கொண்டுவந்த காவலரே என்பதும், வேறு காரணம் தெரியாதபோது கஞ்சா என எழுதும் வழக்கம் நிலவியது என்பதும் வெளிப்பட்டன. மறுவிசாரணையில், அவ்வாறு எழுதப்பட்ட நோயாளருள் பாதிக்கும் குறைந்தோருக்கே கஞ்சா காரணமாய் இருந்திருக்கக்கூடும் என அறியப்பட்டது. மனிதனைப் பற்றி முதலில் எழுதப்படும் தாள் எத்துணை வலியது என்பதையும், அதை மீண்டும் எடுத்துப் படிப்பவர் எத்துணைத் தேவை என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

3. உரிமத்திலிருந்து விலக்கிற்கு

அக்காலச் சென்னை மாகாணத்தில் கஞ்சா 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின்கீழ் இருந்தது. உரிமம் பெற்ற கடையில் அது விற்கப்பட்டது. குறித்த அளவிற்குமேல் உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். அச்சட்டத்தின் நோக்கில் குற்றவாளி என்பவன் அரசின் வரியை ஏய்த்தவனே. பொருள் தீயது என்ற எண்ணம் அச்சட்டத்தில் ஓங்கி நிற்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இரு நீரோட்டங்கள் இந்நிலையை மாற்றின. ஒன்று உலக அரங்கிலிருந்து வந்தது. 1925-ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில் எகிப்து நாட்டின் வற்புறுத்தலால் கஞ்சாவும் பன்னாட்டு ஒப்பந்தத்துள் சேர்க்கப்பட்டது. அதன் விளைவாக இந்தியாவில் 1930-ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டம் இயற்றப்பட்டது. மற்றொன்று நம் நாட்டு விடுதலை இயக்கத்திலிருந்து வந்தது. 1937-இல் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை சென்னை மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. கள்ளும் சாராயமும் மட்டுமன்றிக் கஞ்சா முதலிய போதைப் பொருள்களும் அச்சட்டத்துள் அடங்கின. வரி ஏய்த்தவன் என்ற இடத்திலிருந்து விலக்கை மீறியவன் என்ற இடத்திற்கு, அதை வைத்திருப்பவன் நகர்ந்தான்.

1961-இல் நியூயார்க்கில் போதைப் பொருள்கள் பற்றிய ஒற்றை உடன்படிக்கை நிறைவேறியது. கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளே என்றும், நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா என்றும் அவ்வுடன்படிக்கை வரையறுத்தது. நெடுங்காலப் பழக்கமுள்ள நாடுகளுக்கு அது 25 ஆண்டுத் தவணை அளித்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1964 டிசம்பரில். ஆகவே 1989-ஆம் ஆண்டின் முடிவிற்குள் மருத்துவமும் அறிவியலும் அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை இந்தியா ஒழித்திருக்க வேண்டும். இத்தவணையின் நெருக்கமும், அக்காலத்தில் ஹெராயின் கடத்தல் பெருகியதால் எழுந்த அச்சமும் சேர்ந்து புதிய சட்டமொன்றைப் பிறப்பித்தன.

4. 1985-ஆம் ஆண்டுச் சட்டம்

போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டு, செப்டம்பர் 16-இல் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று, நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. 1878-ஆம் ஆண்டு அபினிச் சட்டமும் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கப்பட்டன. மருத்துவ, அறிவியல் நோக்கமின்றி இப்பொருள்களைப் பயிரிடல், செய்தல், வைத்திருத்தல், விற்றல், வாங்கல், கொண்டுசெல்லல், பயன்படுத்தல் ஆகிய அனைத்தும் தடுக்கப்பட்டன.

தொடக்கத்தில் கஞ்சாவை வைத்திருந்தவனுக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டம் இடம் தந்தது. தன் சொந்தப் பயன்பாட்டிற்குச் சிறிதளவே வைத்திருந்தேன் என்பவனுக்குக் குறைந்த தண்டனை உண்டு. ஆயின் அதை மெய்ப்பிக்கும் சுமை அவன்மேலேயே இருந்தது. 1989-இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் சட்டத்தை மேலும் கடுமையாக்கின. பிணையில் விடுதற்கு இரு நிபந்தனைகள் நுழைக்கப்பட்டன. அரசு வழக்கறிஞர் எதிர்க்கும்போது, குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றம் செய்தவரல்லர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என்பதிலும், பிணையில் இருக்கையில் அவர் வேறு குற்றம் செய்யமாட்டார் என்பதிலும் நீதிமன்றம் மனநிறைவு அடையவேண்டும். வழக்கு தொடங்குமுன்னரே தீர்ப்பை ஊகிக்கச் சொல்லும் நிபந்தனை இது. போதைப் பொருள் வழியாய்ச் சேர்த்த சொத்து உறவினர் பெயரில் இருப்பினும் பறிமுதல் செய்யும் அதிகாரமும் அப்போதே சேர்ந்தது.

2001 அக்டோபரில் வந்த திருத்தம் தண்டனையை அளவோடு பிணைத்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவிற்கு மேல் வணிக அளவு. நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. சிறிய அளவிற்கு அன்று ஆறு மாதம் வரை சிறை. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஓராண்டாக்கியது. இடைப்பட்ட அளவிற்குப் பத்தாண்டு வரை. வணிக அளவிற்குக் குறைந்தது பத்தாண்டு, மிகுந்தால் இருபதாண்டு. அபராதம் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை. பிணைக்குரிய அக்கடும் நிபந்தனைகளும் இத்திருத்தத்தின்பின் வணிக அளவு முதலிய சில குற்றங்களுக்கே உரியவாயின.

2001-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தை மென்மையாக்கியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஹெராயின், அபினி முதலியவற்றைப் பொறுத்தவரை அது உண்மை. கஞ்சாவைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. ஒரு பொட்டலம் வைத்திருந்தவனுக்குச் சுமை குறைந்தது. ஆனால் முன்னர் எவ்வளவு இருப்பினும் ஐந்தாண்டைத் தாண்டாதிருந்த முதற்குற்றத் தண்டனை, மூட்டை சுமந்தவனுக்கு இருபதாண்டு வரை ஏறியது. மூட்டை எவருடையது என்பதைத் தராசு கேட்பதில்லை. மூட்டைக்கு உரியவனும், கூலிக்கு அதை ஏற்றிவந்த ஓட்டுநனும் தராசின்முன் ஒன்றே.

இதனோடு தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தையும் சேர்த்து நோக்கவேண்டும். குண்டர் சட்டம் என்று மக்கள் வழங்கும் அச்சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் உள்ளடக்கியது. விசாரணையும் தீர்ப்பும் இன்றியே ஓராண்டு வரை ஒருவரைக் காவலில் வைக்க அது இடம் தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘கஞ்சா வேட்டை’ எனும் காவல்துறை நடவடிக்கைகளின்போது தென்மாவட்டங்களில் குற்றஞ்சாட்டப்பட்டோரின் வங்கிக் கணக்குகளோடு உறவினர் கணக்குகளும் முடக்கப்பட்டன.

5. உடைமை என்பது யாது?

இனி நம் தொடக்க வினாவிற்கு வருவோம். பொதுவான குற்றவியல் முறையில் குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசைச் சாரும். இச்சட்டத்தின் 54-ஆம் பிரிவோ, பொருள் ஒருவர் வசம் காணப்பட்டு அதற்கு அவர் தக்க விளக்கம் தராவிடில் அவர் குற்றம் புரிந்ததாக அனுமானிக்கலாம் என்கிறது. 35-ஆம் பிரிவு குற்ற மனநிலை இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது; இல்லை என்று ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கவேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே. அறிந்திலேன் என்பதை மெய்ப்பிப்பது எங்ஙனம்? பென்யமீனால் அது இயலவில்லை.

உச்ச நீதிமன்றம் இக்கடுமையைப் பல தீர்ப்புகளால் வரம்பிட்டு வந்துள்ளது. இமாசலப் பிரதேசத்து மதன்லால் வழக்கில், 2003-இல், உடைமை என்பது அறிந்து வைத்திருக்கும் உடைமையே என்று அது விளக்கியது. ஆயினும் பொருள் அவர் வசம் இருந்ததென நிலைநாட்டப்பட்டபின், அறியாமல் இருந்தது என்பதைக் காட்டும் பொறுப்பு அவருடையதே என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2008-இல் நூர் ஆகா வழக்கில், இவ்வனுமானப் பிரிவுகள் அரசியலமைப்பிற்கு முரணானவை அல்ல என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அடிப்படை நிகழ்ச்சிகளை அரசுத்தரப்பு முதலில் மெய்ப்பித்தால்தான் அனுமானம் பிறக்கும் என்று வரையறுத்தது. தண்டனை கடுமையாகுந்தோறும் சான்றும் கடுமையாய் இருத்தல் வேண்டும் என்பதே இதன் சாரம்.

உடற்சோதனைக்கு உட்படுவோர், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டும் எனக் கேட்கும் உரிமையை 50-ஆம் பிரிவு தருகிறது. அவ்வுரிமை உண்டென அவருக்கு அறிவிப்பது கட்டாயக் கடமை என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் 2005-இல் பவன்குமார் வழக்கில், ஒருவர் சுமக்கும் பை அவருடைய உடலாகாது. பையைச் சோதிக்க இவ்வுரிமை பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. பேருந்தில் பையோடு செல்பவரே மிகுதியாய்ப் பிடிபடும் இப்பள்ளத்தாக்கில், இப்பாதுகாப்பின் எல்லை எவ்வளவு குறுகியது என்பதை இதனால் உணரலாம்.

நம் மாநிலத்திலிருந்து சென்ற வழக்கொன்று அண்மைக் காலத்தில் பெரும் மாற்றத்தைத் தந்தது. தூஃபான் சிங்குக்கும் தமிழ்நாட்டு அரசுக்கும் இடையிலான வழக்கில் 2020 அக்டோபர் 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு வெளிவந்தது. இச்சட்டத்தின்கீழ் விசாரிக்கும் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க இயலாது என்பதே அது. தனியறையில் எழுதிக் கையெழுத்து வாங்கிய தாளைக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் அடைக்கப்பட்டோர் பலர். அவ்வழி அன்று மூடப்பட்டது.

இவற்றையெல்லாம் எடுத்துரைப்பது குற்றத்தைச் சிறிதாக்குவதற்கு அன்று. வேதத்தில் பென்யமீனும் உண்டு, ஆகானும் உண்டு. ஆகான் தன் கூடாரத்தின் மண்ணில் தானே புதைத்தான், அறிந்தே மறைத்தான். பள்ளி வாயிலில் சிறுவரிடம் பொட்டலம் விற்பவன் பென்யமீன் அல்லன். அவனால் கெட்டழிந்த குடும்பங்களை நம் சபைகள் அறியும். ஆனால் இருவரையும் வேறுபடுத்திக் காண்பதே நீதி. அறிந்தவனையும் அறியாதவனையும், முதல் போட்டவனையும் கூலிக்குச் சுமந்தவனையும், விற்றவனையும் நோயாளியையும் ஒரே தராசில் ஏற்றுவது நீதியாகாது.

6. பழைய நினைவு

இப்பள்ளத்தாக்கிற்கும் அதன் அண்டை ஊர்களுக்கும் ஐயத்தின்மேல் எழுந்த சட்டம் புதிதன்று. 1911-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பாலேயே மக்களைக் குற்றவாளியாக்கியது. பிரமலைக் கள்ளர் பதிவேட்டில் கைரேகை வைக்கவும், இரவில் காவலுக்குட்பட்டுத் தங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் மாண்டன. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. அக்காலத்தில் இரட்சணிய சேனை உள்ளிட்ட கிறிஸ்தவ அமைப்புகள், சீர்திருத்தம் என்னும் நன்னோக்கோடு, குற்றப்பரம்பரையினருக்கான குடியிருப்புகளை அரசிற்காக நடத்தின என்பதையும் நாம் மறைக்கலாகாது.

இன்றைய போதைப்பொருள் சட்டம் எச்சாதியையும் பெயரிட்டுக் கூறவில்லை. இரு சட்டங்களும் ஒன்றல்ல. எனினும் ஓர் ஊரின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கஞ்சா நினைவிற்கு வருமாயின், அவ்வூர்க்காரன் ஒவ்வொருவனும் சோதனைச் சாவடியில் பாதிக் குற்றவாளியாய் நிற்கிறான். திரைப்படங்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் இப்பெயரைப் பரப்பின. நம் பிரசங்கங்களும் அதைப் பரப்பியதில்லையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

7. திருச்சபையின் கடமை

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? 1893-இல் கிறிஸ்தவ மனச்சாட்சி கேள்வி எழுப்பியது, அது நற்செயலே. அடிமைப்பட்ட மனிதனைப் பற்றிய இரக்கமே அக்கேள்வியின் வேர். ஆயின் இரக்கத்தில் பிறந்த கேள்வி, நூறாண்டுப் பயணத்தில், அம்மனிதனையே தண்டிக்கும் சட்டமாய் முடிந்தது. தடை வேண்டும் என்று குரல் கொடுத்த திருச்சபை, தடை வந்தபின் அதில் அகப்பட்டோரை மறந்துவிட்டது. கேள்வியைத் தொடங்கியவர்களுக்கு அதன் முடிவிலும் பொறுப்பு உண்டு. இதுவே இக்கட்டுரை வழியாய் நாம் வற்புறுத்த விரும்புவது.

அப்பொறுப்பை நிறைவேற்றச் சில வழிகளைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, போதகர் சட்டத்தின் அடிப்படையை அறிந்திருத்தல். பிடிபட்ட அளவு யாது, அது சிறியதா, இடைப்பட்டதா, வணிக அளவா என்பதைக் குடும்பத்தார்க்கு விளக்கத் தெரிந்தாலே பாதி அச்சம் நீங்கும். சட்டம் எடைபோடச் சொல்வது பூநுனிகளையே; தனித்த இலையையும் விதையையும் அன்று. பிடிபட்ட பொருளின் மாதிரி நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்பதும் முக்கியமானது. இவற்றை வழக்கறிஞர் கேட்பார். ஆனால் வழக்கறிஞரிடம் சேர்ப்பிக்க ஒருவர் வேண்டும். வறியோர்க்கு இலவச சட்ட உதவி அளிக்க மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. அதன் வாயிலை அறியாமல் இடைத்தரகரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த குடும்பங்கள் பல.

இரண்டாவது, நோயாளியை நோயாளியாகக் காணுதல். சிறிய அளவோடு பிடிபட்ட அடிமைப்பட்டவர், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64-ஏ பிரிவு இடம் தருகிறது. தண்டனைக்குப் பதிலாய்ச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு 39-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. இவ்விரு வாயில்களும் சட்டத்திலேயே திறந்துள்ளன. அவற்றுள் நுழைய மனமாற்றமும் துணையும் வேண்டும். அவ்விரண்டையும் கொடுக்கவே திருச்சபை அழைக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, சிறைப்பணி. தேனிப் பகுதியின் பெருவழக்குகள் பல ஆண்டுகளாக மதுரையிலுள்ள சிறப்பு நீதிமன்றத்தில் நடந்து வந்துள்ளன. கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். தவணைதோறும் வேலையையும் கூலியையும் இழந்து செல்லும் மனைவியும் தாயும் சில தவணைகளுக்குப்பின் செல்வதை நிறுத்திவிடுகின்றனர். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சிறையிலிருப்போரைக் குறித்துப் பேசும்போது, அவர்கள் குற்றமற்றவரா என்று வினவவில்லை. காணச் சென்றீர்களா என்றே வினவுகிறார். மதுரை நகரிலுள்ள சபைகளும் இறையியல் மாணவரும் பள்ளத்தாக்குச் சபைகளோடு இணைந்து இப்பணியை மேற்கொள்ள இயலும்.

நான்காவது, சட்டச் சீர்திருத்தம் பற்றிய சிந்தனை. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், கஞ்சாவை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியா அதற்கு ஆதரவாய் வாக்களித்தது. நாட்டின் சட்டம் அதனால் மாறவில்லை. மாறவேண்டுமா, எவ்வாறு மாறவேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம், இருப்பது நன்று. ஆனால் 1894-ஆம் ஆண்டு ஆணையத்தார்போல் பதிவேட்டை மீண்டும் திறந்து படிக்கும் துணிவு நம்மிடம் இல்லாமற்போகக் கூடாது.

ஆதியாகமத்தின் அவ்வதிகாரம் பென்யமீனின் மௌனத்தோடு முடியவில்லை. யூதா முன்வருகிறான். தம்பி குற்றமற்றவன் என்று அவன் வாதிடவில்லை. அதை மெய்ப்பிக்க அவனிடம் சான்று ஏதுமில்லை. இளைஞனுக்குத் தான் பிணையாய் நின்றதாகச் சொல்லி, அவனுக்குப் பதிலாய்த் தன்னை வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறான். முன்னொரு நாள் யோசேப்பை விற்க யோசனை கூறியவனும் இந்த யூதாவே. அன்று சகோதரனை விற்றவன் இன்று சகோதரனுக்காக நிற்கிறான். கம்பம் பள்ளத்தாக்கின் சபைகள் தம் பிள்ளைகளுக்காக நீதிமன்ற வாயிலில் சென்று நிற்குமாயின், அவர்கள் குற்றவாளிகளாய் இருப்பினும் இல்லாதிருப்பினும் உடன் நிற்குமாயின், நம் முன்னோர் 1893-இல் தொடங்கிய அக்கேள்விக்கு நாமும் ஒரு விடையைத் தந்தவராவோம்.